தண்ணி எடுக்கிற வேலை

லேப்பில் வேலை கிடைத்து முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டார்: "ஆஸ்பத்திரியில ஒனக்கு என்னா வேலப்பா?"

படித்ததையெல்லாம் சொல்லிக் குழப்ப வேண்டாமென்று நினைத்து, "தண்ணி எடுக்கிற வேலைம்மா" என்றேன்.

அம்மாவின் முகம் வாடிப்போனது. எங்கள் லயத்தில் தண்ணி எடுப்பதற்கு ஒரே அர்த்தம்தான். விடியுமுன் வாளியும் குடமுமாகப் பீலிக்கு இறங்கி, வரிசையில் நின்று நிரப்பி, வழுக்குகிற படிகளில் மேலே ஏறி வருவது. "ஏ.எல். பாஸ் பண்ணி, கொழும்புல ரெண்டு வருசம் படிச்சு, கடைசியில தண்ணி எடுக்கவா போன?" என்றார். அடுப்பில் ரொட்டி ஒரு பக்கம் கருகியது.

லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். பதுளையிலிருந்து பசறை வழியாக பிபிலைக்கு இறங்குகிற பாதையில் இருக்கிற சின்ன டவுன் லுணுகலை. அங்கிருந்து கிழக்கே பாதை இறங்க இறங்கத் தேயிலை குறைந்து காடும் வயலும் தொடங்கும். அன்று ரொட்டிக் கல்லருகே அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாததை, 27 வருட வேலைக்குப் பிறகு இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் எடுத்தது மனிதச் சதையில் இருக்கும் தண்ணீர்.

ஒப்பரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு துண்டு வருகிறது. ஒரு கட்டியின் ஓரமாக இருக்கலாம், கன்னத்தின் உட்புறத்தில் கிள்ளிய பருப்பளவு சதையாக இருக்கலாம். புற்றா இல்லையா என்று டொக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டுமானால் துண்டுக்குள் வெளிச்சம் புகுந்து வர வேண்டும். அதற்கு 4 மைக்ரோன் தடிப்பில் அதைச் சீவ வேண்டும். ஒரு தலைமயிரை நீளவாக்கில் 15 தட்டாகப் பிளக்க முடிந்தால் ஒரு தட்டு ஏறக்குறைய அந்தத் தடிப்பு வரும். பச்சைச் சதையை அப்படிச் சீவ முடியாது. கத்தி பட்டதும் நழுவும், நசியும். ஆகவே சதைக்குள் உருகிய மெழுகை ஏற்றி, இறுகவைத்து, மெழுகோடு சேர்த்துச் சீவுகிறோம்.

இங்கேதான் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. சதையில் நூற்றுக்கு 70, 75 பங்கு தண்ணீர். மெழுகுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. தண்ணீர் உள்ளே இருக்கும்வரை மெழுகு வாசலோடு நின்றுவிடும். எனவே முதலில் தண்ணீரை வெளியேற்றி அந்த இடத்தில் அல்ககோலைக் குடிவைக்கிறோம். அல்ககோலும் மெழுகோடு சேராது என்பதால் அதையும் வெளியேற்றிச் சைலீனைக் குடிவைக்கிறோம். சைலீன் இருபக்கமும் உறவு உள்ளது. அல்ககோலோடும் கலக்கும், மெழுகையும் கரைக்கும். பிறகுதான் மெழுகு வரும். லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பம் சாமானை இறக்கிய பிறகுதான் அடுத்த குடும்பம் ஏற்ற முடியும் அல்லவா, அதே கணக்கு. முதல் குடும்பம் ஒரு மூலையில் ஒரு பெட்டியை விட்டுப்போனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் தொல்லை.

பயிற்சிக் காலத்தில் இந்த வேலையை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு சிங்கள மிஸ். என்னை "மல்லி", அதாவது தம்பி, என்றே கூப்பிடுவார். வந்த முதல் வாரம் அவரிடம் கேட்டேன்: "மிஸ், தண்ணியைத்தானே எடுக்கணும்? ஒரேயடியாகச் சுத்த அல்ககோலில் போட்டால் சீக்கிரம் முடியுமே. எதற்கு 70, 90, 95 என்று இத்தனை ஜாடி?"

மிஸ் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் கடையிலிருந்து கோழி ஈரல் வாங்கிவந்து ஃபோர்மலினில் போட்டார். அது இறுகிய பிறகு இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைப் படிப்படியாக ஏற்றச் சொன்னார்; மற்றதை நேரே சுத்த அல்ககோலில் போடச் சொன்னார். மாலையில் நேரே போட்ட துண்டு சுருங்கி, மேல்புறம் நேற்றைய ரொட்டி மாதிரி விறைத்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டினால் நடுவில் இன்னும் மெத்தென்று ஈரம். பிறகு இரண்டையும் சீவிச் சாயமேற்றி அருகருகே வைத்துக் காட்டினார். படியேறிய துண்டில் கலங்கள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நின்றன. மற்றதில் ஒவ்வொரு கலமும் பக்கத்துக் கலத்தோடு கோபித்துக்கொண்டதுபோல் ஒதுங்கி, நடுவில் வெள்ளை இடைவெளி விட்டு நின்றது.

"டொக்டர் இந்த இடைவெளியைப் பார்த்து நோய் என்று நினைத்தால் என்ன செய்வாய், மல்லி?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நடந்ததை விளங்கிக்கொள்ள எனக்கு வீட்டுச் சமையல் போதுமாக இருந்தது. மீனில் உப்பை அப்பினால் தண்ணீர் ஓடிவந்து மீன் கருவாடாகிறது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் கூடக் கூட, தண்ணீர் மூர்க்கமாக வெளியே பாயும். கலங்களை இழுத்துக்கொண்டே பாயும். சிங்களத்தில் லுணு என்றால் உப்பு, கல என்றால் பாறை. உப்பையே பெயரில் வைத்திருக்கும் ஊர்க்காரனுக்கு இதை மிஸ் சொல்லித்தர வேண்டியிருந்தது. கருவாட்டின் சுருக்கம் கறிக்கு ருசி. டொக்டருக்கு வேண்டியது அந்த ஆளின் உடம்பில் கலம் எப்படி இருந்ததோ அப்படியே. 70ல் தொடங்கினால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் வெளியே இருக்கும் அல்ககோலுக்கும் வித்தியாசம் குறைவு. தண்ணீர் நிதானமாக வெளியேறும், அல்ககோல் நிதானமாக உள்ளே வரும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மெழுகில் உட்காரும்போது துண்டு ஓரளவு சுருங்கித்தான் இருக்கும். அந்தச் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருப்பதற்குத்தான் இத்தனை ஜாடியும்.

கொரோனா வந்தபோது இதே பாடத்தை ஊரே படித்தது. கை கழுவ 70, 80 சதவீத அல்ககோல்தான் நல்லது, சுத்த அல்ககோல் அல்ல என்றார்கள். அங்கேயும் காரணம் பக்கத்து வீட்டுக் காரணம்தான். கிருமிக்குள் புகுந்து அதன் புரதத்தைக் குலைக்க அல்ககோலுக்குக் கொஞ்சம் தண்ணீர் துணை வேண்டும். தனி அல்ககோல் மேற்பரப்பை மட்டும் சட்டென்று இறுக்கிவிடும்.

மிஸ் கற்றுத்தந்த இரண்டாவது பாடம் பால் நிறம். தண்ணீர் முழுதாகப் போகாத துண்டைச் சைலீனில் போட்டால் சுற்றிலும் வெள்ளையாக, கழுநீர் மாதிரிக் கலங்கும். சரியாக வற்றிய துண்டு சைலீனில் கண்ணாடி மாதிரித் தெளிந்து, விளிம்பில் வெளிச்சம் தெரியும். ஒருநாள் அவசரத்தில் கடைசி அல்ககோலில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துவிட்டேன். சைலீன் வெளுத்தது. மெழுகில் போய்ச் சரியாகிவிடும் என்று நினைத்து மிஸ்ஸின் கண்ணில் படாமல் கூடையைத் தூக்கினேன். "மல்லி, பின்னால் போ" என்றார் அவர், தலையைத் திருப்பாமலே. மறுபடி சுத்த அல்ககோல், மறுபடி சைலீன். வெட்கத்தோடு செய்தேன். மெழுகுக்குப் போயிருந்தால் இறுகிய மெழுகுப் புளொக்கின் நடுவே பஞ்சு மாதிரி ஓர் ஓட்டை விழுந்திருக்கும். அங்கிருந்து திரும்பி வருவது பெரும்பாடு. கலங்கிய இடத்திலேயே திரும்பிவிடு என்பது அவர் சொல்லாமல் சொன்ன சட்டம்.

அப்பா எங்கள் தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற பக்கத்தில் வேலை செய்தார். வெளியூர்க்காரர்கள் தேயிலைத் தொழிற்சாலை என்பதை நாங்கள் ஸ்டோர் என்போம். மடுவத்தில் நிறுத்த கொழுந்து லொறியில் ஸ்டோருக்கு வந்ததும் அப்பாவின் இரவு தொடங்கும். பழைய காலத்தில் மேல்மாடி முழுக்கச் சாக்குத்துணித் தட்டுகள். அவற்றில் கொழுந்தை மெல்லியதாக விரிப்பார்கள். பிறகு காற்றாடி வைத்த நீளத் தொட்டிகள் வந்தன. பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75, 80 பங்கு தண்ணீர். சதையில் இருப்பதும் அவ்வளவுதானே. அதைப் பாதிக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தால்தான் உருட்டலாம். அந்த வாட்டத்துக்கு 12 முதல் 18 மணி நேரம் பிடிக்கும். கடைசியில் அடுப்பில் காய்ந்து வெளியே வரும் தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு ஈரம் இருந்தாலே அதிகம். நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். மீதியெல்லாம் ஊவாக் காற்றோடு போன தண்ணீர்.

ஆடி, ஆவணியில் வறண்ட காற்று வீசும்போது அப்பாவுக்கு வேலை சுலபம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொழுந்து குளித்துவிட்டு வருகிற மாதிரி வரும். மேலே ஒட்டிய தண்ணீரையும் எடுக்க வேண்டும், உள்ளே இருப்பதையும் எடுக்க வேண்டும். சூட்டைக் கூட்டினால் ஓரம் முறுகி நடு பச்சையாக நிற்கும். "அவசரப்பட்டா எல கருகும், தம்பி. வாடாது" என்பார். கோழி ஈரலைப் பார்த்த அன்று எனக்கு ஞாபகம் வந்தது இந்த வார்த்தைதான்.

ஒருமுறை கண் கிளினிக்குக்காக அப்பா நான் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். லேப் வாசலில் நிற்கவைத்து வேலையைக் காட்டினேன். எங்களிடம் இருந்தது வட்டமாகச் சுற்றுகிற மெஷின். 12 நிலையம். ஒன்றில் ஃபோர்மலின், 70, 90, 95, சுத்த அல்ககோல் மூன்று, சைலீன் மூன்று, மெழுகு இரண்டு. சிறு துளைகள் போட்ட பிளாஸ்டிக் கசெட்டுகளில் துண்டுகளை அடைத்துக் கூடையில் போட்டு மாலை நாலு மணிக்கு மாட்டிவிட்டால், நேரம் வந்ததும் கூடை தானாக எழும்பி, நகர்ந்து, அடுத்த ஜாடியில் இறங்கும். காலை எட்டு மணிக்கு மெழுகில் இருக்கும்.

அப்பா சைலீன் நெடிக்கு மூக்கைச் சுளித்தார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்: "எத்தன மணி நேரம் வாட்டுற?"

"பதினாறு."

"நம்ம மாதிரித்தான்" என்றார். "கையில புடிச்சுப் பாப்பியா?"

கொழுந்து பதமாகிவிட்டதா என்று அவர் கைப்பிடியில் அள்ளி இறுக்கிப் பார்ப்பார். விட்டதும் மெதுவாக விரிய வேண்டும். காம்பை மடித்தால் ஒடியாமல் வளைய வேண்டும். எங்கள் வேலையில் கைப்பதம் இல்லை. மூடிய ஜாடிக்குள் இரவில் நடக்கிறது. யாரும் பக்கத்தில் இல்லை. "நேரத்தையும் அல்ககோலையும் நம்புறதுதான்ப்பா" என்றேன். அவருக்கு அது திருப்தியாக இல்லை. "அப்ப அல்ககோல் நல்லதானு எப்பிடித் தெரியும்?" என்றார். லேப்புக்கு வந்தவர்களில் சரியான இடத்தில் கைவைத்தவர் அவர்தான்.

அல்ககோல் நல்லதா என்பதுதான் இந்த வேலையின் உயிர். சாராயம் காய்ச்சுவதுபோல் எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் எடைக்கணக்கில் 95.6 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அந்த அளவில் அல்ககோலும் தண்ணீரும் ஒன்றாகவே ஆவியாகும். அதற்கு மேல் சுத்தமாக்க வேறு இரசாயன வழி வேண்டும். அதனால் விலையும் கூடும். அப்படிச் சிரமப்பட்டுப் பிரித்த தண்ணீரைச் சுத்த அல்ககோல் மறக்காது. மூடியைத் திறந்து வைத்தால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். மார்கழி மாதம், ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் இருக்கிற மரம் மூடுபனியில் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவன் அல்ககோலுக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் போகிறான்.

இதைக் காட்டிக்கொடுக்க ஒரு பழைய தந்திரம் உண்டு. துருசு என்று நம்மவர்கள் சொல்லும் செப்பு சல்பேட், நீலக் கல்லாக இருக்கும். அதைச் சட்டியில் வறுத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் போய் வெள்ளைத் தூளாகும். அந்தத் தூளைக் கடைசி அல்ககோல் ஜாடியின் அடியில் போட்டு மேலே வடிதாள் விரித்துவிடுவோம். தண்ணீர் சேர்ந்தால் தூள் மறுபடி நீலமாகும். நீலம் தெரிந்த அன்று அந்த ஜாடிக்குச் சுத்த அல்ககோல் என்ற பட்டம் போய்விட்டது. அதைக் கொட்டுவதில்லை, ஒரு படி கீழே இறக்கி 95ன் இடத்தில் வைப்போம். 95 இருந்தது 90ன் இடத்துக்குப் போகும், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த 70 வெளியே போகும். புதியது எப்போதும் கடைசிப் படியில்தான் ஏறும். அப்பாவுக்கு இந்த நீலத்தைக் காட்டினேன். "இதுதான் ஒன் கைப்பிடி" என்றார்.

95ல் இருந்து 70 செய்யவும் ஒரு கணக்கு உண்டு. புதிதாக வருகிறவர்கள் சூத்திரம் போட்டுத் திணறுவார்கள். 95 சதவீதத்தில் 70 மில்லி எடு, மொத்தம் 95 மில்லி வரும்வரை தண்ணீர் விடு, முடிந்தது. இத்தனை மில்லி தண்ணீர் என்று அளந்து ஊற்றக் கூடாது. 50 மில்லி அல்ககோலும் 50 மில்லி தண்ணீரும் சேர்த்தால் 100 வராது. 97க்குக் கிட்டத்தான் வரும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஒடுங்கி உட்கார்ந்துகொள்ளும்.

அல்ககோல் பூட்டுப் போட்ட அலமாரியில் இருக்கும். எடுத்த ஒவ்வொரு மில்லியும் புத்தகத்தில் ஏற வேண்டும். ஊரில் என் பெயரே கொஞ்ச காலம் "கசிப்புக் கம்பெனி" என்று இருந்தது. பொங்கலுக்குப் போனால் பெரியப்பா காதோடு கேட்பார்: "கொஞ்சம் கொண்டாந்தியா?" அதில் செத்தவர்களின் துண்டுகளும் மிதந்தன என்று ஒருமுறை சொன்னேன். அதோடு கேட்பதை விட்டார். நான் சொன்னது பொய். பெரும்பாலான துண்டுகளின் சொந்தக்காரர்கள் உயிரோடுதான் இருப்பார்கள், வார்டில் படுத்துக்கொண்டு எங்கள் முடிவுக்காகக் காத்திருப்பார்கள்.

அப்படிக் காத்திருந்த ஒருவரை நான் இன்னொரு முறை வரவைத்தேன்.

வேலையில் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். கை பழகிவிட்டது என்ற நினைப்பு ஏறிய காலம். அன்று மார்பகத்தின் பெரிய துண்டுகள் நிறைய வந்திருந்தன. கொழுப்புச் சதை தண்ணீரையும் அல்ககோலையும் சுலபத்தில் விடாது, நேரம் பிடிக்கும். அவற்றோடு, குழாய் விட்டு இரைப்பையிலிருந்து கிள்ளிய கடுகளவுத் துணுக்குகளும் வந்திருந்தன. அவற்றுக்கு இரண்டு மூன்று மணி நேர ஓட்டம் போதும். தனியாகச் செய்ய வேண்டும். இரண்டு ஓட்டம் எதற்கு என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு 16 மணி நேரம் ஓடவிட்டேன்.

காலையில் பெரிய துண்டுகள் அருமையாக இருந்தன. இரைப்பைத் துணுக்கு, சீவுகிற மைக்ரோடோமில் ஏறியதும் பொரிந்தது. கத்தி பட்ட இடமெல்லாம் மெல்லிய கோடுகள், மரச்சட்ட ஜன்னல் மறைப்பு மாதிரி. கத்தி மொட்டை என்று கத்தியை மாற்றினோம். கோணத்தை மாற்றினோம். மெழுகில் குறை என்றார் ஒருவர். புளொக்கின் முகத்தை ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி சீவினேன். எடுத்த தண்ணீரில் ஒரு துளியையாவது திருப்பிக் கொடுத்து மெதுவாக்கப் பார்க்கிற வேலை அது. அதற்குள் துணுக்கில் பாதி தூளாகப் போய்விட்டது. மிஞ்சியதில் டொக்டரால் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நோயாளியைக் கூப்பிட்டு மறுபடி குழாய் விட்டார்கள்.

ஃபோர்மில் பார்த்தேன். வேறொரு மலைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி. அவர் ஒருநாள் வேலையை விட்டு வந்திருப்பார். தோட்டத்தில் ஒருநாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், வராவிட்டால் பேரே இல்லை. என் சோம்பலுக்கு அவருக்கு ஒரு பேர் போயிற்று. பஸ் காசு போயிற்று. தொண்டைக்குள் குழாய் இரண்டாவது தடவை இறங்கிற்று. அவர் வைதிருப்பார் என்றால் குழாய் விட்ட டொக்டரைத்தான் வைதிருப்பார். எங்கள் அறையில் நாங்கள் கத்தியை வைதுகொண்டிருந்தோம். தண்ணீர் எடுக்கிற கட்டத்தில் செய்த பிழை அந்தக் கட்டத்தில் தெரியாது. கத்தியில் தெரியும், சாயத்தில் தெரியும், கடைசியில் டொக்டரின் கண்ணில் தெரியும். பழியும் அங்கேயே விழும். அன்றிலிருந்து சின்னதும் பெரியதும் ஒரே கூடையில் போனதில்லை. சீவும்போது கோடு விழுந்தால் நான் முதலில் பார்ப்பது கத்தியை அல்ல, நேற்றைய லொக் புத்தகத்தை.

எங்கள் பக்கத்து மலைக்கும் மைக்ரோஸ்கோப்புக்கும் பழைய உறவு ஒன்று இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1869ல் மடுல்சீமையில் கோப்பிச் செடியின் இலைக்கடியில் செம்மஞ்சள் பொடி தட்டியது. இலங்கையில் கோப்பித் துரு நோய் முதலில் கண்ணில் பட்டது அங்கேதான். பேராதனைத் தோட்டத்தின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பாதிரியார் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இதுவரை அறியாத பூஞ்சணம் என்று அதே வருடம் எழுதினார். கப்பலில் அத்தனை நாள் போன இலை காய்ந்துதான் போய்ச் சேர்ந்திருக்கும். காய்ந்தும் உருக் கெடாமல் இருந்ததால்தான் அவரால் பார்க்க முடிந்தது. 1880ல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் நேரே இங்கே வந்து இரண்டு வருடம் தங்கினார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, பூஞ்சண வித்துகள் காற்றில் பறந்து வருவதைப் பிடித்துக் காட்டினார். அதற்குள் கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. எங்கள் அப்பாவுக்கு வாட்டுகிற வேலை கிடைத்ததே அந்தச் செம்மஞ்சள் பொடியால்தான்.

அதே 1869ல்தான் ஜெர்மன் மொழி பேசிய கிளெப்ஸ் என்ற மருத்துவர் சதையை மெழுகில் பதிக்கிற முறையைக் கொண்டுவந்தார் என்று எங்கள் துறையில் சொல்வார்கள். அதற்கு 24 வருடம் கழித்து, 1893ல், பிராங்பேர்ட்டில் புளும் என்பவர் கிருமி கொல்ல ஃபோர்மலினைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் தோல் விறைத்துப்போனதைக் கவனித்தார். சதையைக் கெடாமல் இறுக்கிவைக்கும் மருந்து அப்படித்தான் கிடைத்தது. ஃபோர்மலின், அல்ககோல், மெழுகு என்ற வரிசை இன்றும் பெரிதாக மாறவில்லை. மாறியது கூடையைத் தூக்குகிற கைதான்.

2022ல் அந்தக் கை திரும்பவும் என் கையாயிற்று. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒருநாளைக்கு 13 மணி நேரம்வரை போனது. ஜெனரேட்டர் இருந்தது. டீசலை எண்ணிச் செலவழிக்க வேண்டிய காலத்தில் அது தியேட்டருக்கும் ஐ.சி.யூ.வுக்கும்தான் முதலில். சுற்றுகிற மெஷினில் கரண்ட் போனால் கூடை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அல்ககோலுக்குள் நின்றால் தப்பித்தோம். சைலீனுக்குள் நின்றால் துண்டு விறைக்கும். இரண்டு ஜாடிக்கு நடுவே, அந்தரத்தில் நின்றால் காற்றே அதை உலர்த்திவிடும். அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

மெஷினை நிறுத்திவிட்டு ஜாடிகளை மேசையில் வரிசையாக வைத்தேன். கூட வேலை செய்த இளையவர்கள் கையால் செய்து பார்த்ததே இல்லை. போனில் அலாரம் வைத்து, மணிக்கொரு தரம் கூடையைத் தூக்கி, சொட்ட விட்டு, அடுத்ததில் இறக்கினோம். அல்ககோலும் தட்டுப்பாடு. ஒரு ஓட்டத்துக்கு மாற்றுகிறதை மூன்று ஓட்டத்துக்கு இழுத்தோம். துருசுத் தூள் சொன்ன பிறகே மாற்றினோம். கரண்ட் வருகிற மணியைப் பார்த்து, மெழுகுக் கட்டம் அந்த நேரத்தில் விழுகிற மாதிரி பின்னாலிருந்து கணக்குப் போட்டுத் தொடங்கினோம். சில நாள் இரவு ஒன்பதுக்கு 70ல் போட்டு விடிய விடிய உட்கார்ந்தேன். மெழுகுவர்த்தி கிட்டவே கூடாது. அல்ககோல் ஆவி பற்றிக்கொள்ளும். டோர்ச் வெளிச்சத்தில் ஜாடிகளின் முன்னே உட்கார்ந்திருந்தபோது, ஸ்டோரின் மேல்மாடியில் லாந்தரோடு தட்டுத் தட்டாகப் போன அப்பாவை நினைத்துக்கொண்டேன். அந்த மாதங்களில் எங்கள் மேசையிலிருந்து போன துண்டு ஒன்றும் சைலீனில் கலங்கவில்லை. கண் முன்னே செய்கிற வேலை அது. மெஷினில் தூங்கப்போட்ட இரவுகளுக்கு நான் அந்த உறுதி கொடுக்க மாட்டேன்.

சைலீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் சதையைத் தெளியவைக்க வேறு பொருள்களும் பயன்பட்டன. அவற்றில் ஒன்று மெதில் சலிசிலேட்; கால் வலிக்குத் தேய்க்கிற தைலங்களில் மணக்கிற விண்டர்கிரீன் எண்ணெய். ஸ்பால்டெஹோல்ஸ் என்ற ஜெர்மன் உடற்கூற்றியலாளர் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இதையும் வைத்து முழு உறுப்புகளைக் கண்ணாடிபோல் தெளியவைத்தார். பயிற்சிக் காலத்தில் அந்தப் போத்தலின் மூடியை முதன்முதலாகத் திறந்தபோது எனக்கு ஸ்டோரின் வாசனை வந்தது. மூளை ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். ஆடிக் காற்றில் வாடிய ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த வாசனையில் இதே மெதில் சலிசிலேட்டுக்குப் பெரிய பங்கு என்று பிறகு படித்தேன். தண்ணீர் குறைய, வறண்ட காற்றில் தவிக்கிற இலை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கிற வாசனை. மூக்கு ஏமாற்றவில்லை.

எங்கள் மேசைக்கு அதிகம் வருகிற துண்டுகளில் ஒன்று வாயின் உட்புறம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு என்று நாள் முழுக்கக் கன்னத்தில் அதக்குகிற பழக்கம் தோட்டத்தில் ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் உண்டு. குளிரில், மழையில், வெறும் வயிற்றில் நிரையில் நிற்பவர்களுக்கு அது சூடும் பசி மறதியும். சில வாயின் உட்தோல் நார் நாராக இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போயிருக்கும். அந்தச் சதை கத்தியில் தெரிந்துவிடும். விறைப்பு வேறு மாதிரி. விலாசத்தில் லுணுகலை என்று இருந்தால் ஒரு கணம் கை நிற்கும். எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு கசெட்டை மூடுவேன். ஆளைத் தெரிந்தால் ஒரு மணி நேரம் கூடவும் மாட்டேன், குறையவும் மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கடைசியாக ஒரு விசயம். மெழுகில் பதித்து, சீவி, கண்ணாடியில் ஒட்டிய பிறகு சாயம் ஏற்ற வேண்டும். ஹிமட்டொக்சிலின் தண்ணீரில் கரைத்த சாயம். மெழுகுச் சதையில் அது ஏறாது. ஆகவே ஏறிய படிகளில் திரும்ப இறங்குகிறோம். சைலீனில் மெழுகைக் கரைத்து, சுத்த அல்ககோல், 95, 70, கடைசியில் குழாய்த் தண்ணீர். சிவந்து ஏறிய சாயம் தண்ணீரில் நின்று நீலமாகத் திரும்ப வேண்டும். மலைநாட்டுத் தண்ணீர் மென்மையானது, நீலம் ஏற மறுக்கும். சோடியம் பைகாபனேற்று கலந்து கொடுப்போம். பிறகு இயோசின் என்ற இரண்டாவது சாயம், பிறகு மறுபடி 95, சுத்த அல்ககோல், சைலீன். பசை வைத்து மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடினால் வருடக்கணக்கில் கெடாது.

சில வருடம் கழித்து வந்த ஒரு லீவில் இதையும் அம்மாவுக்குச் சொன்னேன். அடுப்படியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப எடுத்த தண்ணியத் திருப்பி ஊத்துற?"

"ஆமாம்மா."

"ஊத்திட்டு மறுபடியும் எடுக்குற?"

"ஆமா."

"திருப்பி ஊத்துறதுக்கு எதுக்குடா மொதல்ல எடுத்த?"

சொன்னேன். முதலில் இருந்த தண்ணீரோடு அதைச் சீவ முடியாது, சீவாமல் உள்ளே பார்க்க முடியாது, பார்க்காமல் மருந்து கொடுக்க முடியாது என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "நாங்களும் கொழுந்து வாட்டிக் காயவச்சு அனுப்புறோம். வாங்குறவன் அதுல தண்ணிதான் ஊத்துறான்" என்றார்.

பிறகு எழுந்து போய்ப் பானையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சரி, ஒனக்குப் பழக்கமான வேலதானே. வாளிய எடுத்துக்கிட்டு பீலிக்குப் போயிட்டு வா."